குப்பை மேட்டுக்கு முதுகைக் காட்டிய பள்ளிச் சுற்றுலா: பள்ளிக்கரணையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஒரு சின்னத் தன்னார்வக் குழுவில் நானும் ஒருத்தி. ஆறு பேர், அவ்வளவுதான். இரண்டு பேருக்குப் பறவைகள் நன்றாகத் தெரியும், ஒருவர் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், மீதிப் பேர் ஆர்வக் கோளாறு. 2023 பிப்ரவரியிலிருந்து 2024 பிப்ரவரி வரை மூன்று முறை பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். முதல் முறை சொதப்பல், இரண்டாவது முறை வேறு மாதிரிச் சொதப்பல், மூன்றாவது பரவாயில்லை. இதே வேலையைச் செய்கிற மற்றவர்களுக்கு உதவும் என்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பள்ளிகள், ஆட்கள் பெயர் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பழைய ஆட்கள் இதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் கடலுக்குப் போகும் வழியில் வந்து தேங்கி நிற்கும் பள்ளம் இது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அது நிரம்பினால் சதுப்பு நிலத்துக்கு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரம், கடல். 2007இல் இதன் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022 ஜூலையில் கரிக்கிலி, பிச்சாவரம் ஆகியவற்றோடு சேர்த்து, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது, சுமார் 1,247 ஹெக்டேர். அந்தப் பரப்பை ஒட்டியே பெருங்குடி குப்பை மேடும் இருக்கிறது. சதுப்பு நிலத்தைக் கடந்து போகும் ரேடியல் ரோட்டில் பத்து வருடமாகத் தினமும் போய் வருகிறவருக்குக்கூடப் பறவைகளைத் தெரிந்திருக்காது, குப்பையின் வாசனை தெரிந்திருக்கும்.

முதல் முறை: பிப்ரவரி 2, 2023

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தான நாள் என்பதால் பிப்ரவரி 2ஐ உலக ஈர நில நாளாகக் கொண்டாடுகிறார்கள். பட்டியலில் சேர்ந்த பிறகு வந்த முதல் பிப்ரவரி 2 வேறு. ஒரு தனியார் பள்ளி தானாகவே எங்களைக் கேட்டது. நாற்பது பிள்ளைகள் என்று பேசியது, கடைசியில் இரண்டு பஸ்ஸில் 84 பேர் வந்து இறங்கினார்கள். எட்டாம் வகுப்பு. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

எங்கள் கையில் இருந்தது நான்கு பைனாகுலர், ஸ்டாண்டு வைத்த ஒரு டெலஸ்கோப், ஆளுக்கொரு பறவைப் பட்டியல் தாள். தாளில் முப்பது பறவைகளின் படம், பக்கத்தில் டிக் அடிக்கக் கட்டம். அதிகம் டிக் அடித்த குழுவுக்குப் பரிசு. எழுதும்போதே கூசுகிறது, ஆனால் அன்றைக்கு அது எங்களுக்கு ரொம்ப நல்ல யோசனையாகத் தெரிந்தது.

நிற்கும் இடத்தை முந்தின வாரமே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தோம். குப்பை மேடு கண்ணில் படக் கூடாது, பிள்ளைகள் இங்கே அழகைப் பார்க்க வருகிறார்கள் என்று பேசி முடிவு செய்து, மேடு முதுகுப் பக்கம் வரும்படி, நடுவில் சீமைக் கருவேல மரங்கள் மறைக்கும்படி ஒரு இடம் பார்த்தோம். நாங்கள் பார்த்தது மாலையில். காலை எட்டு மணிக்கு அதே இடத்தில் நின்றால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும் என்பதை ஆறு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. தண்ணீர் முழுக்கத் தகரம் மாதிரி பளபளத்தது, அதன் மேல் எல்லாப் பறவையும் கறுப்பு உருவம். நாமக்கோழியும் கறுப்பு, நீலத் தாழைக்கோழியும் கறுப்பு, வாத்தும் கறுப்பு. ஒரு பையன் தாளில் இருந்த முப்பதையும் டிக் அடித்துவிட்டு, "மேம், முடிச்சிட்டேன்" என்றான். அப்போது மணி எட்டேகால்.

டெலஸ்கோப் முன்னால் வரிசை. ஆளுக்கு 40 விநாடி என்றாலும் 84 பேருக்கு 56 நிமிடம் ஆகும் என்ற கணக்கை அன்று இரவு உட்கார்ந்துதான் போட்டோம். வரிசையில் நின்றவர்கள் பேசினார்கள், தள்ளினார்கள், பறவைகள் இன்னும் தூரம் போயின. நல்லதாக நடந்தது ஒன்றே ஒன்று. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வர, தண்ணீரில் இருந்த வாத்துக் கூட்டம் முழுக்கச் சத்தத்தோடு எழும்பியது. அரை நிமிடம் 84 பேரும் வாயைத் திறக்கவில்லை. அதைப் பற்றி ஏதாவது பேசியிருக்கலாம். நாங்களோ, "பாத்தாச்சா, தாள்ல பன்னிரண்டாவது படம்" என்றோம்.

அன்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளை ஆசிரியர் ஒருவர் குறித்து வைத்திருந்தார். முதல் கேள்வி, "இங்க ஏன் நாறுது?" இரண்டாவது, இலைக்கோழியைப் பார்த்த ஒரு பெண் கேட்டது: "படத்துல இதுக்கு நீளமா வால் இருக்கு, நேர்ல இல்லையே?" முதல் கேள்விக்கு, "காத்து அந்தப் பக்கத்திலேர்ந்து வருது, கொஞ்ச நேரத்துல மாறிடும்" என்று மழுப்பினோம். இரண்டாவதற்கு ஒழுங்கான பதில் உண்டு: நீளவால் இலைக்கோழிக்கு அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில்தான் வளரும், குளிர்காலத்தில் இருக்காது. எங்கள் தாளில் அச்சடித்திருந்தது இனப்பெருக்கக் காலப் படம். அதாவது அந்தப் பெண் சரியாகப் பார்த்திருந்தாள், தப்பு எங்கள் தாளில்.

முடிந்ததும் சிற்றுண்டி. 84 சிப்ஸ் பாக்கெட், 84 ஜூஸ் டப்பா, தட்டுகள். இரண்டு பெரிய மூட்டையாகக் கட்டி, ஒரு துண்டு காகிதம்கூட விடாமல் பொறுக்கிவிட்டோம் என்ற பெருமையோடு அந்த வழியாக வந்த குப்பை வண்டியில் கொடுத்தோம். எங்களில் ஒருவர் சும்மா பேச்சுக்கு, "அண்ணே, இது எங்க போகும்?" என்றார். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. முகவாயை மட்டும் தூக்கி, மரங்களுக்குப் பின்னால் நாங்கள் காலையெல்லாம் மறைத்து வைத்திருந்த மேட்டைக் காட்டினார்.

உட்கார்ந்து பேசியது

அந்த வாரமே ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். அந்த முகவாய் எல்லோருக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று முடிவுகள் எடுத்தோம், மூன்றிலும் ஒரே மனதாக இல்லை.

24 பேருக்கு மேல் அழைத்துப் போவதில்லை. இதில் சண்டை வந்தது. அறுபது பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புப் போகிறதே என்று அறிவியல் ஆசிரியர் சொன்னது நியாயம்தான். ஆனால் 84 பேர் வந்து யாருக்கும் ஒன்றும் கிடைக்காததை வாய்ப்பு என்று எப்படிச் சொல்வது?

பட்டியல் தாளைத் தூக்கிப் போடுவது. அதற்குப் பதில் 'ஒரு பறவை, பத்து நிமிடம்'. ஆளுக்கு ஒரு பறவையைத் தேர்ந்தெடுக்கலாம், பெயர் தெரியத் தேவையில்லை, பத்து நிமிடம் அது என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். பறவை பார்க்கிற இருவருக்கும் இது பிடிக்கவில்லை. பெயர் தெரியாமல் பார்த்தால் மனதில் தங்காது என்றார்கள். ஒரு தடவை செய்து பார்ப்போம் என்று சமாதானமானது.

மூன்றாவது, குப்பை மேட்டை மறைப்பதில்லை. காலையில் சூரியன் முதுகில் படும்படி நிற்போம், மேடு தெரிந்தால் தெரியட்டும், அதைப் பற்றியும் பேசுவோம். எப்படிப் பேசுவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது முறை: மார்ச் 2023

இந்த முறை நாங்களே தேடிப் போனது சதுப்பு நிலத்தை ஒட்டிய குடியிருப்புகளில் இருக்கும் ஒரு அரசுப் பள்ளிக்கு. ஏழாம் வகுப்பில் 22 பேர். நடந்தே வந்துவிட்டார்கள். வந்ததும் பாதிப் பேர் எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள், எந்தப் பக்கம் தண்ணிப் பாம்பு வரும், எங்கே முன்பு மீன் பிடிப்பார்கள், எந்த மாதம் தண்ணீர் ரோட்டுக்கு ஏறும் என்று.

வெளிச்சம் முதுகில். நீலத் தாழைக்கோழி நீலமாகத் தெரிந்தது. முதல் தடவை அதைப் பார்க்கிற பிள்ளை "ஐயோ" என்று சொல்லாமல் இருக்காது, அவ்வளவு அழுத்தமான நீலம், சிவப்பு அலகு, சம்புக்கோரைத் தண்டைப் பிடுங்கி ஒரு காலால் பிடித்து நாம் கரும்பு தின்கிற மாதிரியே தின்னும். பத்து நிமிட வேலை நாங்கள் நினைத்ததைவிட நன்றாகப் போனது. நெடுங்கால் உள்ளானைப் பார்த்த பையன் ஒருவன், அது 61 தடவை சேற்றில் அலகை விட்டது, ஒரு தடவைகூட முட்டிக்கு மேல் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பார்த்தது கூழைக்கடா. அது கரைப்பக்கமே வரவில்லை. இரண்டு பேரும் தாளை மாற்றிப் படித்தபோது ஆழத்துக்கும் பறவைக்கும் உள்ள கணக்கை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்: காலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழம், நீந்துவதற்கு அதற்கும் மேல். பெயர் தெரியாமல் தங்காது என்று சொன்ன நண்பர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, வேலை முடிந்ததும் 22 பேரும் கேட்டது, "அக்கா, இது பேரு என்ன?" என்றுதான். கேட்ட பிறகு சொன்ன பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்து, பீங்கான் டைல் ஒன்று, சமையலறை ஸ்பாஞ்சு ஒன்று. இரண்டின் மேலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். டைலில் ஊற்றியது அந்த நொடியே எங்கள் செருப்புக்கு வந்தது, ஸ்பாஞ்சில் ஊற்றியது மெதுவாக, நேரம் கழித்துச் சொட்டியது. எல்லோரும் செய்கிற பழைய சோதனைதான், ஸ்பாஞ்சு சதுப்பு நிலம், டைல் கான்கிரீட். ஒரு பெண் மட்டும், "ஸ்பாஞ்சு மேலயே டைல் ஒட்டிட்டா?" என்று கேட்டாள். சுற்றியிருக்கும் கட்டடங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாளா, சும்மா கேட்டாளா தெரியாது. டைலை ஸ்பாஞ்சின் மேல் வைத்து ஊற்றிக் காட்டினோம்.

அதற்கு அப்புறம்தான் நான் கெடுத்தேன். போன முறை மறைத்ததற்குப் பரிகாரம் செய்கிற வேகத்தில் மேட்டைக் காட்டி, குப்பையிலிருந்து ஊறும் கறுப்புத் தண்ணீர் இங்கே இறங்குவது, 2022 ஏப்ரலில் மேடு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது என்றெல்லாம் சொல்லி, "இந்த இடத்த நாசம் பண்றது அதுதான்" என்று முடித்தேன். குரலை வேறு உயர்த்தியிருந்தேன். பின்வரிசையில் ஒரு பையன், அதுவரை அதிகம் பேசாதவன், கையைத் தூக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. "எங்கம்மா அங்கதான் அக்கா வேலைக்குப் போறாங்க" என்றான்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அறிவியல் ஆசிரியர்தான் சட்டென்று, "அப்படியா தம்பி, அங்க என்ன வேலை நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பழைய குப்பையைத் தோண்டி எடுப்பார்கள், பெரிய உருளைச் சல்லடையில் போட்டுச் சுற்றுவார்கள், மண் தனியே விழும், பிளாஸ்டிக்கும் துணியும் தனியே, எரியக்கூடியது சிமெண்ட் ஆலைக்கு லாரியில் போகும். பயோமைனிங் என்ற வார்த்தையை நான் பத்து தடவை சொல்லியிருப்பேன், அவன் ஒரு தடவையும் சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. மேடு குறைகிறது, அதைக் குறைப்பவர்களில் அவன் அம்மாவும் ஒருவர் என்பது அவன் சொன்ன பிறகே எங்களுக்கு உறைத்தது.

இடைப்பட்ட காலம்

எங்கள் குழுவில் அன்றைக்கு யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. சில வாரம் கழித்து, பள்ளி மூலமாக அந்த அம்மாவைக் கேட்டோம், அடுத்த முறை பிள்ளைகளோடு வந்து அரை மணி நேரம் பேசுவீர்களா என்று. "ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போயிடுமேம்மா" என்று சொல்லி அனுப்பினார். சரி என்று விட்டுவிட்டோம். பேச்சாளர் ஒருவரை வரவழைத்தால் போக்குவரத்துச் செலவும் சால்வையும் கொடுக்கத் தெரிந்த எங்களுக்கு, அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. இந்த ஓராண்டில் நாங்கள் செய்த தவறுகளில் இதுதான் மோசமானது என்பது என் எண்ணம். மற்றவர்கள் முதல் முறை இரண்டு பஸ்ஸில் வந்த 84 பேரையும் ஏற்றுக்கொண்டதைச் சொல்வார்கள்.

டிசம்பர் 2023இல் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் குழுவில் இரண்டு பேர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பல ஏரிகளின் தண்ணீர் வந்து சேரும் இடம், வெளியே போகப் பெரிய வழி மடுவு ஒன்றுதான், கடலும் ஏறி நின்றால் அதுவும் மெதுவாகத்தான் வாங்கும். ஸ்பாஞ்சும் டைலும் வைத்துக் காட்டியதை அந்தப் பிள்ளைகள் வீட்டு வாசலில் பார்த்தார்கள்.

மூன்றாவது முறை: பிப்ரவரி 2024

அதே அரசுப் பள்ளி, அதே பிள்ளைகள், இப்போது எட்டாம் வகுப்பு. மூன்று பேர் பள்ளி மாறிப் போயிருந்ததால் 19 பேர். வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு வேலை கொடுத்தோம். டிசம்பரில் உங்கள் வீட்டில் எந்த உயரம் வரை தண்ணீர் நின்றதோ, சுவரில் கறை இருக்கும், தரையிலிருந்து அது வரை ஒரு நூலை அளந்து வெட்டிக் கொண்டு வாருங்கள்.

அன்று தண்ணீர் முந்தின ஆண்டைவிட ஆழமாக இருந்தது. போன வருடம் உள்ளான் கொத்திய சேற்றுத் திட்டு அடியில் போயிருந்தது, ஒரு நெடுங்கால் உள்ளானும் இல்லை. 61 எண்ணிய பையன் வந்ததும் தேடியது அதைத்தான். எங்களுக்கு முன்னால் அவனே சொன்னான், "கால் எட்டாது, அதான் போயிருச்சு." அவனுக்கு ஏமாற்றம்தான், ஆனால் கூழைக்கடாக்கள் நிறைய இருந்தன, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

தரையில் தார்ப்பாய் விரித்து, அதில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியால் ஏரி, சாலை, மடுவு எல்லாம் போட்டோம். பிள்ளைகள் தங்கள் வீடு இருக்கும் இடத்தில் நூலை ஒட்டினார்கள். ஒரு நூல் என் இடுப்பு வரை வந்தது. சிலது ஒரு சாண். மடுவுக்குப் போகும் பக்கம் நூல்கள் நீளமாகவும் மேட்டுத் தெருக்களில் குட்டையாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அப்படி ஒழுங்காக வரவில்லை, நடுவே ஒரு தெருவில் மட்டும் காரணமே இல்லாமல் எல்லாம் நீளம். அந்தத் தெருவில் இருந்த வாய்க்காலை இரண்டு வருடம் முன்பு மூடிக் கான்கிரீட் போட்டார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். உண்மையா என்று சரிபார்க்க எங்களிடம் வழி இல்லை, ஆனால் அதற்குப் பிறகு நடந்த பேச்சு பாடத் திட்டத்தில் இருந்த எதையும்விட நன்றாக இருந்தது.

மேட்டைப் பற்றி இந்த முறை நான் எதுவும் பேசவில்லை. ஒவ்வொருவரும் முந்தின நாள் வீட்டிலிருந்து வெளியே போன குப்பை என்னென்ன என்று எழுதி வந்திருந்தார்கள், நாங்கள் ஆறு பேரும் எழுதியிருந்தோம். படித்தோம். என் பட்டியல்தான் எல்லோருடையதையும்விட நீளம். பிள்ளைகள் சிரித்தார்கள், அது எனக்குத் தேவையாகவும் இருந்தது. சிற்றுண்டி சுண்டல், தொன்னையில். ஒரு மூட்டைகூடச் சேரவில்லை.

இப்போதைய நிலையும் மாற்ற நினைப்பதும்

முதலில் வந்த தனியார் பள்ளி மறுபடி கூப்பிட்டது. 160 பேர், பறவைப் பட்டியல் கட்டாயம் வேண்டும் என்றார்கள். ஒரு முறைக்கு 24 பேர் என்றோம், பிறகு சொல்கிறோம் என்றவர்கள் கூப்பிடவில்லை. அவர்களுக்குத் தோதாக ஏதாவது செய்திருக்கலாமோ என்று இன்னும் எங்களுக்குள் பேச்சு ஓடுகிறது.

கழிப்பறை விஷயத்தை மேலே எங்கும் எழுதவில்லை, ஆனால் மூன்று முறையும் நேரத்தைத் தீர்மானித்தது அதுதான். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார்கள், வெயிலில் இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. இனி பள்ளியிலோ பக்கத்திலோ கழிப்பறைக்கு வழி செய்யாமல் தேதி குறிப்பதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்துவதில்லை.

இடம் பார்க்கப் போவது இனி நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில்தான். பேச வருகிறவர் யாராக இருந்தாலும் நாள் கூலி உண்டு. அந்த அம்மாவிடம் இந்த வருடம் மறுபடி கேட்டோம், கூலியைச் சொல்லியே கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன், ஆனால் பசங்க கேள்வி கேட்டால் என் பையன்தான் பதில் சொல்லணும் என்றிருக்கிறார்.

நூல்களை வகுப்பு அட்டையில் ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு நூல் மட்டும் வேறு மாதிரி. மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பெண், "எங்க வீட்டுக்குத் தண்ணி வரல அக்கா, ஆனா மூணு நாள் கீழ எறங்க முடியல, நான் எதை அளக்குறது?" என்று கேட்டிருந்தாள். எங்களுக்கும் தெரியவில்லை. அவளே ஒரு சாண் நூலை எடுத்து, நாளுக்கு ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டு ஒட்டிவிட்டாள்.